இராமநாதபுரக் கடற்கரையில் பூர்வீக வீட்டை விற்க வருவோருக்கு

தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. உரிமையாளர்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ குடியேறி ஒரு தலைமுறை கடந்திருக்கும். வீட்டைப் பார்த்துவந்த சித்தப்பாவோ பெரியம்மாவோ காலமான பிறகு, இனி விற்றுவிடலாம் என்ற முடிவு வரும். அப்படி ஒரு மாத விடுப்பில் வந்து இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. முதலில் பார்க்க வேண்டியவர் பத்திர எழுத்தர். அடுத்தவர், பழைய வேலை தெரிந்த கொத்தனார். பெயிண்டருக்கு வேலை இருந்தால் அது கடைசி வாரத்தில்தான்.

விமானச் சீட்டு எடுக்கும் முன்பே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கும், வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டாவுக்கும் வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பித்துப் பார்க்கலாம். வங்கிக் கடனில் வாங்குபவர் வந்தால் வங்கி குறைந்தது 30 ஆண்டு வில்லங்கத்தைக் கேட்கும் என்பதால் அந்த அளவுக்கே தேடுவது நல்லது. கையில் உள்ள பத்திரத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து ஒன்றும் வரவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. குடியிருப்பு மனைகளுக்கான நத்தம் நிலவரித் திட்டத்திலும் உட்பிரிவுகளிலும் எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிறகு தாய்ப் பத்திரம் எனும் பழைய மூலப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகிய நான்கையும் மேசையில் வைத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கிலும் ஒரே பெயர் இருக்கும் பூர்வீக வீடு மிக அரிது. பத்திரம் பாட்டனார் பெயரிலும் வரி ரசீது பெரியப்பா பெயரிலும் இருப்பதே வழக்கம்.

பெயர் மாற்றத்துக்கு அடிப்படை வட்டாட்சியர் வழங்கும் வாரிசு சான்று. பெற்றோர் வெளிநாட்டில் இறந்திருந்தால், அந்நாட்டு இறப்புச் சான்றை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ அப்போஸ்டில் எனும் பன்னாட்டுச் சான்றுறுதி முறையிலோ உறுதிசெய்து கொண்டுவர வேண்டும். ஊருக்கு வந்த பிறகு இதற்காகத் திரும்பி ஓட முடியாது. வாரிசுகள் என்றால் மகன்கள் மட்டும் என்று எண்ணும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்குரிய பங்கில் பாதி மகளுக்கு. ஆகவே, கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் எழுதப்படும் கிரையம் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் போகும்.

கீழக்கரையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். தெருவே அறிய வாய்மொழியாக ஹிபா எனும் தானமாகக் கொடுத்திருப்பார்கள், மகள் குடும்பமும் அந்த வீட்டிலேயே வாழ்ந்து முடித்திருக்கும், பத்திரம் மட்டும் தந்தை பெயரிலேயே நின்றுவிட்டிருக்கும். அனுபவத்தை ஒப்படைத்த வாய்மொழி ஹிபா இஸ்லாமியச் சட்டப்படி செல்லும் என்றாலும், வெளியூரிலிருந்து வாங்க வருபவர் தெருவின் சாட்சியத்தை நம்பிப் பணம் தரமாட்டார். சகோதரர்களிடமும் அவர்களுடைய வாரிசுகளிடமும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவுசெய்து வாங்கிவிடுவதே நேரான வழி. குடும்பத்தார் எல்லோரும் ஊருக்கு வரும் பெருநாளை ஒட்டி இதை வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

நிலத்தின் வகையையும் பார்த்துவிட வேண்டும். இராமேஸ்வரம் தீவில் கோயில் நிலத்தின் மீதும், ஏர்வாடி, கீழக்கரைப் பகுதிகளில் வக்பு எனும் இஸ்லாமிய அறக்கொடை நிலத்தின் மீதும் கட்டப்பட்ட வீடுகள் இருக்கின்றன. அந்தச் சர்வே எண்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் கிரையத்தைப் பதிவு செய்யாது. வீட்டோடு பனந்தோப்போ தென்னந்தோப்போ சேர்ந்திருந்து அது புன்செய், அதாவது விவசாய நிலம் என்று பதிவாகியிருந்தால், வெளிநாடுவாழ் இந்தியரான நீங்கள் அதை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மைத்துனருக்கு விற்க முடியாது. கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் வீடாக இருந்தால், விற்பதற்கு முன் ஓர் அறை கூட்டிக் கட்டி விலையை ஏற்றலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். இருக்கும் அளவுக்குள் பழுதுபார்ப்பது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. அனுமதியற்ற ஓர் அறை, ஒழுங்காக இருக்கும் மற்ற ஆவணங்களையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்தக் கரையில் வீட்டைத் தின்பது மழையைவிட உப்புதான். வீட்டைச் சோதிக்க ஏற்ற மாதம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும். ஒழுகும் இடம், ஈரம் ஏறும் சுவர் எல்லாம் மறைக்க முடியாதபடி தெரியும். வேலையைப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, சுவர் காய்ந்த பிறகு செய்யலாம். மே மாத விடுமுறைக்கு மட்டுமே வர முடிந்தவர்கள், மழை முடிந்த கையோடு உறவினர் ஒருவரை அனுப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. எந்தச் சுவரை முதலில் பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மன்னார் வளைகுடாப் பக்கமான கீழக்கரை, ஏர்வாடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், எனவே தென்புறச் சுவர் அதிகம் அடிபடும். பாக் நீரிணைப் பக்கமான தேவிபட்டினம், தொண்டியில் அடிப்பது வாடைக்காற்று. அங்கே வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்கள்.

பழைய வீடுகள் கடலில் எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. இவற்றின் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் உப்போடு சேர்ந்து பூச்சைப் பொரியவைத்துத் தள்ளிவிடும். பெயிண்ட் அடித்தால் இன்னும் விரைவாக. உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசி வெள்ளையடித்தால் போதும். சுவர் இடிந்த இடத்தில் வைக்கக் கொத்தனார் எங்கிருந்தாவது பவளக்கல் கொண்டுவருகிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, எதிரே இருப்பதோ 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. செங்கல்லே போதும்.

வளைகுடாப் பணம் வரத் தொடங்கிய பிறகு எழுந்த கான்கிரீட் வீடுகளின் நோய் வேறு. உப்புக் காற்றில் உள்கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரையின் அடிப்பகுதியைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துத் தள்ளும். ஓரிரு இடங்களில் மட்டும் என்றால், தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகு அடைக்கச் சொல்லலாம். கூரை முழுவதும் அப்படி இருந்தால் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். மனை விலைக்குப் பேசுவதே நியாயம். மேலே சிமெண்ட் மெழுகி வெள்ளையடித்து மறைப்பது, வாங்குபவர் கூட்டிவரும் பொறியாளர் சுத்தியலால் ஒருமுறை தட்டும் வரைதான் நிற்கும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சுற்றுப்புறத்தில் முதல் வேலை சீமைக்கருவேலத்தை அகற்றுவது. வெட்டினால் மறுபடி துளிர்க்கும், ஆகவே பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். மனை திறந்த பிறகு சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். வேலிக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் குளியலறை வந்திருப்பது பல நேரங்களில் அப்போதுதான் தெரியவரும். அடுத்தது தண்ணீர். இந்த மாவட்டத்தில் வாங்க வருபவர் அறைகளை எண்ணுவதற்கு முன் கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்ப்பார். காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு இருந்தால் அதன் ரசீதை எடுத்து வையுங்கள். கிணறு இருந்தால் தூரெடுத்து, நீரைப் பரிசோதித்து, உப்போ நன்னீரோ உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பர்மா தேக்கு நிலைகள், தூண்கள், பழைய அலமாரிகள் ஆகியவற்றுக்குத் தனி வியாபாரிகள் உண்டு. வீட்டோடு எவை போகும், எவை போகாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பதிவு நாளன்று கதவுக்காகச் சண்டை வரும்.

அச்சாரம் வாங்கும்போது, சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகைக்கு ஈடாக அபராதம் விதிக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வாங்குபவர் பொறுப்பு. உங்கள் பக்கம் வருவது வருமான வரி. விற்பவர் உள்நாட்டுக்காரர் என்றால், 50 லட்சத்திலிருந்து மேற்பட்ட விலைக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாடுவாழ் இந்தியர் விற்றால் எவ்வளவு சிறிய தொகையானாலும் வரி பிடிக்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளில் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரி முதலியவையும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே பெறாவிட்டால், ஆதாயத்துக்குப் பதில் முழு விலையிலும் பிடித்துவிடுவார்கள். விலை முடிவானதும் இதற்கு விண்ணப்பியுங்கள், வாரக்கணக்கில் ஆகும். 2001 ஏப்ரலுக்கு முன் குடும்பத்துக்கு வந்த சொத்துக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிய மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இதற்கு வேண்டும்.

விடுப்பு முடிந்து திரும்பவேண்டியிருந்தால் அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். பொதுவாக எழுதாமல் இந்த ஒரு வீட்டின் விற்பனைக்கு மட்டும் என்றும், பணம் உங்கள் கணக்குக்கே வரவேண்டும் என்றும் வரையறுத்து எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதித் தூதரகத்தில் உறுதிசெய்த அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். விற்ற பணம், வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் வரவேண்டும். அங்கிருந்து பட்டயக் கணக்காளரின் சான்றோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். அந்தக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி, கணக்குத் தாக்கல் செய்த பிறகு பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்குக்குத்தான் திரும்பி வரும்.