‘அவகாசம் உண்டு’ என்று சொல்லாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தவள் நான். பாலக்காடு மாவட்டத்து மனநல வார்டுகளில் சமூகப் பணியாளராகப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, சம்மதமில்லாமல் சேர்க்கப்பட்ட ஒரு தமிழ் நோயாளிக்குச் சட்டத்தை விளக்கினாள். வார்த்தைக்கு வார்த்தை, 2019-இல் நான் ஒரு நோயாளியிடம் சொன்னதையே சொன்னாள். கேட்டதும் நெஞ்சு பதறிவிட்டது.

நல்ல எண்ணத்தோடே நாம் செய்துவிடும் தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில், சங்கிலியால் கட்டிவைத்திருந்த இடத்தில் நோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். அதற்கப்புறமும் அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தால் அவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

தலையாட்டலைப் புரிதல் என்று எழுதிக்கொள்வது

2019 தொடக்கம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலமடை மாந்தோப்பில் காவலுக்கு இருந்த ஆனைமலைப் பக்கத்துக்காரர் ஒருவரை அவருடைய அண்ணன் கூட்டிவந்தார். பல நாள் தூக்கமில்லை, தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று சாப்பிடவும் மறுத்திருந்தார். தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க வழிசெய்யும் பிரிவு 89-இன்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சேர்த்தார்கள். அதிகபட்சம் 30 நாள்.

அவருக்குள்ள உரிமைகளைச் சொல்வது என் வேலை. மலையாளப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கள் ஊர்க் கலப்புப் பேச்சில், “போர்டுக்கு அப்பீல் கொடுக்க உங்களுக்கு அவகாசம் உண்டுண்ணா, மனசிலாச்சா?” என்றேன். “சரிங்க” என்று தலையாட்டினார். ‘விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அது கெடு, நேரம். எனக்கு இரண்டும் தெரியும். பழக்கதோஷத்தில் வாய் மலையாளத்துக்குப் போய்விட்டது.

இருபத்து நான்காம் நாள் அவர் கேட்டார்: “அந்த அவகாசம் என்னைக்குங்க முடியுது? கடைசி நாளைச் சொன்னீங்கன்னா அன்னிக்கு எழுதிக் குடுத்தர்றேனுங்க.” முன்னமே எழுதினால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, கெடு முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார். மனு போனால் அந்த போர்டு, அதாவது மனநல மறுஆய்வு வாரியம், 7 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்தை நான் தின்றுவிட்டேன்.

எழுத நினைத்ததும் பெரிய விஷயமில்லை. “அண்ணனோடு தென்னந்தோப்பு வழித்தடத் தகராறு இருக்கிறது, எனக்காக அவர் கையெழுத்துப் போட வேண்டாம், என் மனைவி போடட்டும்.” அவ்வளவுதான். கூடவே, ராத்திரி மாத்திரை போட்டால் நாக்கு இழுக்கிறது என்பதையும் மறைத்து வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் அண்ணன் காதுக்குத்தான் போகும் என்று நினைத்தாராம். அது அந்த வகை மருந்துகளில் தெரிந்த பக்கவிளைவு, மாற்று மாத்திரையும் உண்டு. முதல் வாரத்திலேயே தீர்த்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து, துண்டால் கையைக் கட்டி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஃபைலில் மட்டும் ஒரு குறையும் இல்லை, எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஃபைலைப் பார்த்தே வேலையை எடைபோடும் பழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

‘உரிமை’ என்றே சொல்லுங்கள். பிரிவு 22, அவருக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் தகவல் தர வேண்டும் என்கிறது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். “இங்க இருக்கப் பிடிக்கலைன்னா என்ன செய்வீங்க? யார்கிட்ட எழுதிக் குடுப்பீங்க? எப்ப?” என்று கேட்டு அவர் வாயால் சொல்லவையுங்கள். முதல் நாள் ஊசி மயக்கத்தில் கேட்டதெல்லாம் தங்காது, தெளிந்ததும் மறுபடி சொல்ல வேண்டியது நம் கடமை. நோயாளிக்காகப் பேச, கையெழுத்துப் போட இருக்கும் பிரதிநிதி அவருக்காகச் சம்மதம் கொடுத்திருந்தால், முடிவெடுக்கும் திறனை 7 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்கிறது சட்டம். அந்த நாளிலேயே இதையும் சேர்த்துப் பேசிவிடலாம்.

‘நாமினி’ என்று சொல்வது

அந்தப் பிரதிநிதியைத்தான் (nominated representative) வார்டில் ‘நாமினி’ என்று சொல்லிவிடுகிறோம். நம் ஜனங்களுக்கு நாமினி என்றால் செத்தபிறகு பேங்க் பணம் வாங்குகிறவர். நிலத்தகராறு உள்ள வீட்டில் இந்தச் சொல் விழுந்தால் ஆள் மிரண்டுபோவார். “உங்களுக்காகப் பேச, கூட நிற்க யார் வேணும்?” என்று கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், பிற்பாடு மாற்றவும் செய்யலாம். இதைக் கூட்டிவந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

மருந்து வேண்டாம் என்றால் ‘திறன் இல்லை’ என்று எழுதுவது

எழுதாதீர்கள். ஒருவருடைய முடிவு நமக்குத் தப்பாகப் படுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது. பிரிவு 4 படியுங்கள்.

விஷமம்

மலையாளத்தில் மனவருத்தம். குறும்பு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று முன் அறிவுறுத்தல் எழுதவைப்பது

மறுபடி நோய் வந்தால் தன்னை எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் முன் அறிவுறுத்தல். வாசலில் ஆட்டோ நிற்கும்போது யாருக்கும் இது ஏறாது. இரண்டாவது, மூன்றாவது ஃபாலோ-அப்பில், தூக்கமும் பேச்சும் சீரானபிறகு உட்காரவையுங்கள். எந்த மருந்து ஒத்துவரவில்லை, மறுபடி முடியாமல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், எது தனக்கு வேண்டவே வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாந்தோப்புக்காரர் முதலில் சொன்னது, துண்டால் கையைக் கட்டக் கூடாது என்பதைத்தான்.