கடல்நீர் வைரஸ்: சென்னையிலிருந்து வேலூர் வருவதற்குள் கெடுவது

வேலூரில் கடல் இல்லை. பாலாற்றிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். பிளாங்க்டனை (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை) தாக்கும் வைரஸ்களை எண்ண ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் சுமார் 140 கிலோமீட்டர் போய் சென்னையில் மாதிரி எடுக்கிறார்கள். நீரை வடிகட்டி, வடிகட்டியில் நிற்கும் வைரஸுக்குச் சாயமேற்றி, ஸ்லைடு செய்து, ஒளிர்வு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவதுதான் முறை. ஒருகாலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் திரும்ப வருகின்றன. கையுறை, லேபிள் சங்கதிகள் இங்கே வேண்டாம்.

ஐஸ் பெட்டியை நம்புவது

எரிச்சல் மூட்டுவது இதுதான். விடியற்காலையில் தண்ணீர் மொண்டு, மாதிரி கெடாமல் ஃபிக்ஸ் செய்யும் குளூட்டரால்டிஹைடு விட்டு, ஐஸ் பெட்டியில் அடைத்து பஸ் ஏறுவார்கள். லேப் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "ஃபிக்ஸ் பண்ணியாச்சு, அவசரமில்லை" என்று அடுத்த வாரம் எண்ணுவார்கள்.

ஃபிக்ஸ் செய்த நீரிலும் வைரஸ் சிதையும். முதல் சில மணி நேரத்தில் வேகமாக, பிறகு மெதுவாக. ஒரு வாரத்தில் பாதிக்கு மேலும் போய்விடலாம். ஸ்லைடு மட்டும் அழகாகவே இருக்கும். தப்பு நடந்ததற்கு அடையாளமே தெரியாது. மேல்மட்டக் கடல்நீரில் ஒரு மில்லிக்குச் சுமார் ஒரு கோடி வைரஸும் 10 லட்சம் பாக்டீரியாவும் இருப்பது வழக்கம். இந்த விகிதம் 10-லிருந்து 3-க்கு இறங்கியதும், "வங்கக் கடலில் வைரஸின் பங்கு குறைவு" என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிடுகிறார்கள். வைரஸ் உடைத்த செல்லிலிருந்து கரிமப்பொருள் நீரில் கரைந்து, மேலே மீனுக்குப் போகாமல் பாக்டீரியாவுக்கே திரும்புகிறது அல்லவா, அந்தக் கணக்கு முழுக்கச் சாய்ந்துவிடும். சிதையும் வேகம் மாதிரிக்கு மாதிரி மாறுவதால் பிறகு பெருக்கிச் சரிசெய்யவும் முடியாது.

செய்ய வேண்டியது: கடுங்குளிர் தாங்கும் கிரையோ குப்பியில் 1 மில்லி நீருக்கு 25% குளூட்டரால்டிஹைடு 20 மைக்ரோலிட்டர் (இறுதியில் சுமார் 0.5%). இருட்டில், 4 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம். உடனே திரவ நைட்ரஜனில் முக்கி, லேபில் மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். நைட்ரஜன் குடுவையோடு காரில் வந்தால் கண்ணாடியை இறக்கி வையுங்கள். மூடிய வண்டியில் ஆக்சிஜன் குறையும். நைட்ரஜன் கிடைக்காவிட்டால் கைப்பம்பு வைத்துக் கரையிலேயே வடிகட்டி ஸ்லைடு செய்து, உலர்பனியில் (டிரை ஐஸ்) கொண்டுவந்து மைனஸ் 20-இல் வையுங்கள். நீரை மைனஸ் 20-இல் மெல்ல உறையவிடுவது ஃப்ரிட்ஜை விட மேல் அல்ல.

முதலில் 0.2 மைக்ரான் வடிகட்டி

பாக்டீரியாவை நீக்கத்தான் போடுகிறார்கள். பாசியைத் தாக்கும் பெரிய வைரஸ்களும் அதிலேயே நின்றுவிடும். எண்ணுவதற்கு நேராக 0.02 மைக்ரான் அலுமினா வடிகட்டி போதும்.

பம்பை முழுக்கத் திறப்பது

வடிகட்டும்போது உறிஞ்சும் அழுத்தம் 20 கிலோபாஸ்கலைத் தாண்ட விடாதீர்கள்.

சாயத்தில் குப்புறப் போடுவது

வடிகட்டியின் மாதிரிப் பக்கம் மேலே. சாயம் சைபர் கோல்டு (மரபணுப் பொருளில் ஒட்டி ஒளிர்வது), இருட்டில் 15 நிமிடம்.

நாலு புலம் பார்த்து நிறுத்துவது

குறைந்தது 10 புலம் (மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் பரப்பு), 200 வைரஸ். கை பழக வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீர் நல்லது. ஆனால் 0.02 மைக்ரானில் வடிகட்டிய நீரால் பத்து மடங்காவது நீர்க்கச் செய்யுங்கள், இல்லையென்றால் புலம் முழுக்க ஒரே வெளிச்சம். அதே வடிகட்டிய நீரை மட்டும் வைத்து ஒரு ஸ்லைடு போடுங்கள். அதிலும் புள்ளி மின்னினால் அழுக்கு உங்கள் சாயத்திலோ அந்த நீரிலோ.