கிராண்ட் கேன்யன் பக்கத்தில், கைபாப் காட்டில் காசில்லாமல் டெண்ட் போட

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பில் விடுதிகளும் கேம்ப்கிரவுண்டும் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். ஆனால் பூங்காவின் தெற்கு வாசலைத் தாண்டியதும் வரும் டுசயான் என்ற சிற்றூரைச் சுற்றியிருப்பது கைபாப் தேசிய வனம். பூங்காவுக்குள் கண்ட இடத்தில் டெண்ட் போட்டால் அபராதம். வனத்தில் போடலாம், கட்டணமும் முன்பதிவும் கிடையாது. இதற்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர். கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. 30 நாளில் 14 நாள் வரை தங்கலாம். 75 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்ச் சங்கச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

முதல் வேலை வரைபடம். எம்.வி.யூ.எம். என்ற வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை வனத்துறை இலவசமாகத் தருகிறது. டுசயான் ரேஞ்சர் (வனச்சரகர்) பிரிவுக்கானதை வீட்டில் இருக்கும்போதே அவென்சா என்ற வரைபடச் செயலியில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். கறுப்பு வெள்ளையில் இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் எந்தச் சாலையில் வண்டி ஓட்டலாம் என்பதற்குச் சட்டம் அதுதான். டயர் தடம் பளிச்சென்று தெரிந்தாலும், வரைபடத்தில் இல்லாத பாதையில் வண்டியைத் திருப்பாதீர்கள். சில சாலைகளின் ஓரத்தில் புள்ளிகள் போட்டிருக்கும்: முகாமுக்காக வண்டியைச் சாலையை விட்டு இறக்கலாம் என்று அர்த்தம். எத்தனை அடி வரை என்பது அதே தாளின் குறிப்பில் இருக்கும். வனத்துக்கு வனம் மாறும். கேம்பிங் செயலிகளில் மற்றவர்கள் குத்திவைத்த இடங்களை அப்படியே நம்ப வேண்டாம். அந்த இடம் பிறகு மூடப்பட்டிருக்கலாம்.

வரைபடம் சாலையின் தரத்தைச் சொல்லாது. அதற்குச் சாலை எண் பலகையைப் பாருங்கள். எண் கிடைமட்டமாக எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகும். மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டி வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதிய மழை அடிக்கும். காலையில் கெட்டியாக இருந்த மண்சாலை மாலையில் சேறாகிவிடும். தார் போடாத சாலைக்கு வந்து வண்டியை இழுக்கப் பல ரோட்சைட் திட்டங்கள் (வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் சேவைகள்) ஒத்துக்கொள்வதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்து, நெருப்புத் தடை உண்டா, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று கேளுங்கள். 2025 ஜூலையில் காட்டுத்தீ வடக்கு விளிம்பின் விடுதியையே எரித்துவிட்டது. எரிந்த காட்டில் மரங்கள் சொல்லாமல் விழும் என்பதால் அத்தகைய பகுதிகளை மூடிவைப்பார்கள்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது இடத்துக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே ஆட்கள் தங்கி மண் இறுகிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள்: ஊசியிலை எல்லாம் உதிர்ந்து நிற்கும் பட்ட பாண்டரோசா பைன் மரமோ, பாதி முறிந்து தொங்கும் கிளையோ எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. பிறகு கீழே பாருங்கள்: பைன் சருகு ஒரே பக்கமாக அடித்து ஒதுங்கிக் கிடந்தால் மழைநீர் ஓடும் வழி அது. கால்நடைக் குட்டை தெரிந்தால் அங்கிருந்து கால் மைலாவது தள்ளிப் போங்கள். விலங்குகள் தண்ணீருக்கு வரத் தடையாக இருக்கக் கூடாது என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது.

இந்தப் பக்கம் ஓடை கிடையாது. தண்ணீரை ஃபிளாக்ஸ்டாஃப், வில்லியம்ஸ் ஆகிய ஊர்களில் ஒன்றில் பிடித்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன். சமையல், பாத்திரம், கை கழுவ இன்னும் அரை. நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கு 12 கேலன் ஆகிறது. ஒரே டிரம்மில் கொண்டுபோனால் தூக்க முடியாது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,600 அடி உயரம் என்பதால் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், பருப்புக்கு இன்னும் அதிக நேரமாகும். சின்னக் குக்கரை எடுத்துப்போவது வீண் சுமை அல்ல. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். வீட்டு மேஜையில் வைக்கும் பியூட்டேன் அடுப்பு அந்தக் குளிரில் சோர்ந்துவிடும், காரணம் பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் சிலிண்டர் அடுப்பு காலைக் காப்பிக்கு ஏமாற்றாது. டெண்டுக்குள் மட்டும் எந்த அடுப்பையும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும்.

விறகு நெருப்பு பெரும்பாலும் மே, ஜூனில் தடையில் இருக்கும். திருகு வால்வு உள்ள கேஸ் அடுப்புக்கு வழக்கமாக விலக்கு உண்டு, அன்றைய உத்தரவைப் படித்துக்கொள்ளுங்கள். தடை இல்லாத நாளில் தரையில் விழுந்து காய்ந்த விறகு மட்டும், ஏற்கெனவே உள்ள கல்வட்டத்துக்குள். அணைக்க மூன்று கேலனாவது தனியாக வேண்டும். ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றிப் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணை மட்டும் மூடினால் அடியில் கனன்றுகொண்டே இருந்து, காற்றடிக்கும் நாளில் வெளியே வரும். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் பற்றவைக்கவே வேண்டாம்.

மலம் கழிக்க, முகாமிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி, அதாவது சுமார் 70 தப்படி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் விலங்குகள் தோண்டிப்போடும். டிஷ்யூவைப் புதைக்காமல் ஜிப் பையில் கட்டி எடுத்துவரவும். வறண்ட மண்ணில் அது சீக்கிரம் மக்காது.

சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாம் இரவில் காருக்குள், கண்ணாடி ஏற்றிய நிலையில். இலையுதிர்காலத்தில் எல்க் (பெரிய மான் இனம்), மான் வேட்டை நடக்கும். விடியற்காலையில் நடக்கப் போகிறவர்கள், பிள்ளைகள் உட்பட, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.