மான் ரைபிள் வாங்கும் முன் தோட்டாவின் கழுத்தைப் பாருங்கள்

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். ஒஹாயோவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். அங்கே விடிகாலை ஆறு மணி. "மாமா, ரைபிளைக் கார் டிக்கியில வெச்சுப் பூட்டிட்டேனுங்க. இதுல இங்க மான் சுடக்கூடாதாமுங்க" என்றான். ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து 1,100 டாலர் கொடுத்து வாங்கிய ரைபிள். நான்கு மாதம் மிச்சம் பிடித்த பணம். அதை வாங்கச் சொன்னவன் நான்தான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோபியிலிருந்தும் சத்தியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு வீடு பார்ப்பது, கார் வாங்குவது பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மான் வேட்டை பற்றிச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஆசை பலருக்கு இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் வளர்ந்த பிள்ளை, இலையுதிர் காலத்தில் ஆபீசில் கூட வேலை செய்பவர்கள் எல்லாம் வேட்டைக்கு லீவு போடுவதைப் பார்த்தால் தானும் போகத்தான் நினைப்பான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் பதினோரு வருஷம் பென்சில்வேனியாவில் இருந்தபோது போனவன்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தை முதலில் மனதிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். டி.என்.பாளையம் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் அப்புச்சிக்குத் தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசன்ஸ். தேர்தல் அறிவித்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். மான் பக்கம் அதைத் திருப்பியதே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு புள்ளிமானைத் தொட்டால் ஜெயில் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆக நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: துப்பாக்கி கிடைப்பது கஷ்டம், கிடைத்துவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை. அங்கே இது தலைகீழ். ஒஹாயோவில் ரைபிள் வைத்திருக்க லைசன்ஸே கிடையாது. ஆனால் எந்த மிருகத்தை, எந்த வாரம், எந்த நேரம், எந்தத் தோட்டாவால் சுடலாம் என்பதற்கு வரிக்கு வரி சட்டம் இருக்கிறது. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சர்க்கார் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக் கல்வி வகுப்பு முடிக்க வேண்டும். பிறகு வேட்டை லைசன்ஸ், அதற்கு மேல் மானுக்குத் தனி பெர்மிட். ஒஹாயோவில் ஆறு மாதம் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். அதற்கு முன் போனால் வெளியூர்க்காரர் கட்டணம், அது பல மடங்கு. தனியார் நிலத்தில் வேட்டைக்கு நிலக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. துப்பாக்கிப் பருவத்தில் மேலே பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம். சுட்ட மானை மறுநாள் நண்பகலுக்குள் கணக்கில் பதிய வேண்டும். இதெல்லாம் மாநில வனவிலங்குத் துறையின் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது.

விசா விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ். அது கையில் இல்லாமல் கடையில் வாங்குவது மட்டுமல்ல, நண்பனோடு சுடுகளத்துக்குப் போய் அவன் துப்பாக்கியில் நாலு குண்டு சுடுவதும் குற்றம்தான். லைசன்ஸ் முடியும் தேதி முடிந்து ரைபிள் வீட்டில் இருந்தாலும் அப்படியே. கடையில் நிரப்பும் படிவத்தில் விசா பற்றிய கேள்வி வரும், அதில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். ஒரு கையெழுத்தில் வேலையும் போகும், விசாவும் போகும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இதை நான் அக்கா மகனிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். அவனும் லைசன்ஸ் கையில் வரும்வரை ஒரு தோட்டாவைக்கூடத் தொடவில்லை. கஷ்டமான இடத்தைச் சரியாகத் தாண்டிவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு பெருமை. இடறியது அதற்குப் பிறகுதான்.

"என்ன ரைபிள் வாங்கட்டும் மாமா?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. ".308 வின்செஸ்டர், போல்ட் ஆக்ஷன்" என்றேன். .308 என்பது தோட்டாவின் பெயர், போல்ட் ஆக்ஷன் என்பது ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் ரைபிள். பென்சில்வேனியாவில் நான் வைத்திருந்தது அதுதான். 1952இல் வந்த தோட்டா, எந்தக் கடையிலும் கிடைக்கும், வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அவன் இருப்பது கொலம்பஸ். பக்கத்து மாநிலம்தானே, எல்லைக் கோட்டைத் தாண்டினால் மானா மாறிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். மான் மாறவில்லை, சட்டம் மாறிவிட்டது.

ஒஹாயோவில் மானை ரைபிளால் சுடலாம் என்பதே 2014இல்தான் வந்தது. அதற்கு முன் ஷாட்கன், பின்புறமாக இல்லாமல் குழலின் வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, வில் இவைதான். ரைபிளை அனுமதித்தபோதும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தோட்டாவின் பித்தளைக் கூடு நேர்ச்சுவராக இருக்க வேண்டும், குண்டின் விட்டம் .357 அங்குலத்திலிருந்து .50க்குள் இருக்க வேண்டும். .308 தோட்டாவை எடுத்து நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். சோடா பாட்டில் மாதிரி கீழே பருத்து, தோள் வந்து, கழுத்து ஒடுங்கி, அதன் நுனியில் குண்டு உட்கார்ந்திருக்கும். பின்னால் நிறைய மருந்து, முன்னால் சின்னக் குண்டு, அதனால் வேகம். நேர்ச்சுவர்த் தோட்டா உலக்கை மாதிரி, அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். .30-06, .270, .243, 6.5 கிரீட்மூர் என்று மான் ரைபிள் என்றாலே ஜனங்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் கழுத்துள்ளவை. ஒஹாயோவில் மானுக்கு இவை ஒன்றுமே ஆகாது.

காரணத்தைக் கேட்டபோது எனக்கு நியாயமாகவே பட்டது. மேற்கு ஒஹாயோ முழுக்கச் சமவெளி. மக்காச்சோளமும் சோயாவும் அறுத்த பிறகு பார்வைக்குத் தடையே இல்லை. நடுநடுவே வீடு, கட்டுத்தரை, ரோடு. தவறிப் போன .30-06 குண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியும் போகும். நேர்ச்சுவர்க் குண்டு மெதுவானது, சீக்கிரம் தரை இறங்கிவிடும். நம் பாரியூர்ப் பக்கத்து வயல்வெளியில் நின்று ஒருவன் அப்படிச் சுட்டால் எத்தனை வீடு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அப்புறம் அந்தச் சட்டத்தின்மேல் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது கடையின்மேல். மான் வேட்டைக்கு என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறான். .308ஐ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்திருப்பதும் குறிபார்த்துப் பழகுவதும் அங்கே சட்டப்படி சரி, நரிபோல் இருக்கும் கயோட்டியைச் சுடவும் ஆகும். அதனால் விற்றதில் குற்றம் இல்லை. ஆனாலும் எந்த ஊரில் சுடப்போகிறாய் தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் ஊர் உரக்கடைக்காரர் மருந்து கொடுக்குமுன் எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் பயிர் என்று கேட்பார். நான் அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். விற்ற துப்பாக்கியைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். பழைய துப்பாக்கி விலைக்குக் கொடுத்ததில் 450 டாலர் நஷ்டம்.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது நிலக்காரர். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. கார் லைட் வெளிச்சத்தில் தோட்டாப் பெட்டியைப் பார்த்திருக்கிறார், பெயரைப் படித்ததும் கையை நீட்டித் தடுத்திருக்கிறார். அவர் பார்க்காமல் இருந்து, இவன் சுட்டு, வனவிலங்கு அதிகாரி வந்து நின்றிருந்தால் வேட்டைச் சட்டத்தை மீறிய வழக்கு. விசாவில் இருப்பவனுக்கு அது எங்கே போய் முடியும்?

அதனால் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லும் வரிசை வேறு. முதலில் எந்த மாநிலம், எந்த மாவட்டம், யார் நிலம் என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவது, அந்த வருஷத்துக் கையேட்டில் மானுக்கு அனுமதித்த ஆயுதம் என்ற பகுதியை நீங்களே படியுங்கள். மாமா சொன்னார், அண்ணன் சொன்னார் என்று போகாதீர்கள். நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் மானுக்கு இந்த மாதிரி ரைபிளே கிடையாது, ஷாட்கன், வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கி, வில் இவைதான். இல்லினாயில் ஒரே ஒரு தோட்டா போடும் வகையாக இருக்க வேண்டும், அதுவும் 2023இலிருந்துதான். பென்சில்வேனியாவில் கழுத்துள்ள தோட்டா தாராளம், ஆனால் தானாக அடுத்த தோட்டா ஏறும் ரைபிள் மானுக்குக் கூடாது. டெக்சாஸில் இந்தத் தொந்தரவு குறைவு. தோட்டாவை முடிவு செய்த பிறகுதான் ரைபிள்.

ஒஹாயோவுக்கு என்றால் .350 லெஜண்ட் என்று சொல்வேன். இது மாதிரியான மாநிலங்களுக்கென்றே 2019இல் வந்த தோட்டா. பெயரில்தான் .350, குண்டின் விட்டம் .357 கணக்கு, அதனால் சட்டத்துக்குள் வரும். உதை குறைவு, 150 கஜத்துக்குள் மானுக்குப் போதும். மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் அதைவிடத் தூரத்தில் சுட வேண்டிய அவசியமே வராது. .450 புஷ்மாஸ்டர் பலமானது, தோளில் நன்றாகவே உதைக்கும். 1873இல் பிறந்த .45-70 இன்னும் அருமையாக வேலை செய்கிறது, அதுவும் கனத்த உதை. புதியவன் பெரிய தோட்டா வாங்கினால் நாலாவது குண்டிலேயே உடம்பு பயந்துவிடும். விசையை இழுக்குமுன் கண் மூடும், தோள் சுருங்கும், குண்டு மானின் வயிற்றில் படும். அது ஓடி எங்கோ புதரில் விழுந்து ராத்திரி முழுக்கச் சாகும். என் முதல் வருஷத்தில் அப்படி ஒரு மானை விட்டேன். இருட்டும்வரை ரத்தத் துளியைத் தேடி நடந்தேன், கிடைக்கவில்லை. அந்தப் பாவத்தை யாரும் கட்டிக்கொள்ள வேண்டாம்.

அளவும் பாருங்கள். அங்கே கடையில் இருக்கும் ரைபிளின் கட்டை பெரும்பாலும் ஆறடி ஆளுக்குச் செய்தது, விசையிலிருந்து அடிக்கட்டை வரை பதிமூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். நம்மில் பலருக்கு அது நீளம். கழுத்தை நீட்டிக் கண்ணை ஸ்கோப்புக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்த ரைபிள் உங்களுக்கில்லை. தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு போய் எடுத்துப் பாருங்கள், டிசம்பரில் அதோடுதான் உட்காரப் போகிறீர்கள். ஸ்கோப் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு போதும், கண்ணுக்கும் அதற்கும் மூன்றரை அங்குலம் இடைவெளி இல்லாவிட்டால் புருவம் கிழியும். 100 கஜத்தில் குறி சரிபார்த்து, அதே பெட்டித் தோட்டாவையே வேட்டைக்கும் வையுங்கள். ஒஹாயோவில் இன்னொன்று: மேகசினில் ஐந்து கொள்ளும் என்றாலும் குழலில் உள்ளதையும் சேர்த்து மூன்றுக்கு மேல் போடக்கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஈயம் இல்லாத செம்புக் குண்டு வாங்குங்கள், ஈயம் கறியில் பொடியாகச் சிதறும்.

கறி என்றதும் ஞாபகம் வருகிறது. மான் கறியில் கொழுப்பே இருக்காது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல்லு போட்டு நம் பள்ளிபாளையம் முறையில் நல்லெண்ணெயில் வதக்கினால்தான் அது இறங்கும். என் கூட வேலை செய்தவர்கள் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.

வேட்டைக்கு எடுத்துப்போகும் பையைத் தனியாக வையுங்கள். அதே பையோடு ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கிடைத்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். பொங்கலுக்கு வந்தவன் வக்கீலைத் தேட வேண்டிவரும்.

அன்று காலை அந்த விவசாயி அவனைத் திருப்பி அனுப்பவில்லை. வந்தது வந்தாய், வெறுங்கையோடு வந்து உட்கார் என்று மரத்தின்மேல் கட்டிய பரணில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாராம். ஏழரை மணிக்கு ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் தட்டையோரமாக வந்தன. அவர் சுடவில்லை, இவனுக்குக் காட்டினார். "நம்ம கோதபாளையத்துப் புள்ளிமான் மாதிரியே காதை ஆட்டுதுங்க மாமா" என்றான் மறுநாள். குரல் தேறியிருந்தது.

இந்த வருஷம் லைசன்ஸைப் புதுப்பித்துவிட்டான். போன வாரம் கடையிலிருந்தே ஒரு படம் அனுப்பினான். கண்ணாடி மேஜைமேல் ஒரு தோட்டாவை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். தோள் இல்லை, கழுத்து இல்லை. சரி, பணத்தைக் கட்டு மாப்பிள்ளை என்றேன்.