மைனஸ் 30-இல் சர்வே: முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் பல இடங்களுக்குப் பனிக்காலத்தில்தான் வண்டி போகும். கோடையில் ஏரியும் சதுப்பும் வழியை மறித்துவிடும். யெல்லோநைஃபுக்குக் கிழக்கே டிபிட் ஏரியில் தொடங்கி வைரச் சுரங்கங்களுக்குப் போகும் பனிச்சாலையின் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேலேதான் ஓடுகிறது. இப்படிப்பட்ட இடத்துக்கு நிலம் அளக்கும் சர்வே டெக்னீஷியனாகப் போகிறவர்கள் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, அவர்களைக் கவிழ்ப்பது அவசரம். கை விறைக்கிறது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள்.

முதலில் விடுபடுவது வெப்பநிலைத் திருத்தம். டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி ஒளியை அனுப்பித் தூரம் அளக்கிறது. குளிர்ந்த, அடர்த்தியான காற்றில் ஒளி சற்று மெதுவாகப் போகும். கருவியில் பதிந்திருக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி தவறினால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பிழை. 15 டிகிரி என்று இருந்ததை அப்படியே விட்டு மைனஸ் 30-இல் அளந்தால், 500 மீட்டர் கோட்டில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். இரும்பு டேப்பும் அப்படித்தான்: 20 டிகிரிக்குச் சரிபார்த்த 30 மீட்டர் டேப், மைனஸ் 30-இல் 17 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். வண்டியின் டேஷ்போர்டு காட்டும் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். கருவி நிற்கும் இடத்தில், நிழலில் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது, ஹீட்டர் ஓடும் வண்டிக்குள் கருவியைத் திறந்தபடி தூக்கி வைப்பது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் முத்துமுத்தாக நீர் கோக்குமே, அதே நீர் லென்சுக்கு உள்ளேயும் கோக்கும். திரும்ப வெளியே எடுத்தால் உறைந்துவிடும், அன்றைய வேலை போச்சு. பெட்டியை வெளியிலேயே மூடிவிட்டு உள்ளே கொண்டுபோய், மணிக்கணக்கில் திறக்காமல் வையுங்கள். வெளியே எடுக்கும்போதும் பொறுமை வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. 20 டிகிரி அறையிலிருந்து மைனஸ் 30-க்கு வந்தால் 100 நிமிடம்! அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கருவியைக் குளிரிலேயே விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் உள்ளே எடுத்துப் போகிறார்கள். சாதாரண மாடல்கள் மைனஸ் 20 வரைக்குத்தான், மைனஸ் 35 வரை தாங்குவதற்குத் தனி மாடல் உண்டு என்பதையும் கிளம்பும் முன்னே பாருங்கள்.

பேட்டரி ஜாக்கெட்டுக்குள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். லித்தியம்-அயன் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது, உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

பழைய பெஞ்ச்மார்க்கை, அதாவது உயரம் தெரிந்த அடையாளப் புள்ளியை, நம்பிவிடுவது இன்னொரு பெரிய தவறு. மண்ணில் இருக்கும் நீர் உறையும்போது மண்ணை மேலே தள்ளும். அதோடு சேர்ந்து, புள்ளிக்கு அடையாளமாக அடித்த இரும்புக் குச்சியும் எழும்பும். போன இலையுதிர் காலத்தில் அடித்த குச்சியின் உயரம் இப்போது அதே உயரமாக இருக்கும் என்று சொல்லவே முடியாது. குறைந்தது இரண்டு மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். பனிக்கு அடியில் சர்வே குச்சியைத் தேடித் தோண்டும்போது வியர்க்கும். உள்ளே பருத்தி பனியன் இருந்தால் அந்த ஈரம் காயாது; நின்றவுடன் நடுக்கம் பிடிக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள், தோண்டும் முன்பே ஜிப்பை இறக்குங்கள். மைனஸ் 30-இல் 30 கி.மீ. வேகக் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அது மைனஸ் 46 போல. திறந்த தோல் ஐந்து பத்து நிமிடத்தில் உறையத் தொடங்கிவிடும். ஒருமுறை பிரிசம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பிடித்துக்கொண்டிருந்த தம்பியின் கன்னத்தில் ரூபாய்க் காசளவுக்கு மெழுகு மாதிரி வெள்ளைத் திட்டு. "வலிக்குதா?" என்றேன். "ஒண்ணுமே தெரியலண்ணா" என்றான். உணர்ச்சி போயிருந்தது. அதிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை வழக்கமாக்கினோம். திட்டு கண்டால் தேய்க்காதீர்கள். கையுறையைக் கழற்றி, சூடான உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி வண்டிக்குள் கூட்டிப்போங்கள்.

அப்புறம், அங்கே செல்போன் எடுக்காது. சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் கருவியை ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) பைக்குள் வைக்காமல் சட்டையின் உள்பையில் வையுங்கள், வண்டி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாகும் நாளில்தான் அது தேவைப்படும்.