ஃப்ளூ தடுப்பூசி: முகாமுக்கு வராதவர்களைச் சென்றடைவது எப்படி?

முகாம் முடிந்ததும் எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். செவிலியரான நான் முதலில் தேடுவது விடுபட்ட பெயர்களை. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களுக்குள்ளும் காசும் நேரமும் உள்ளவர்களே முந்திக்கொள்கிறார்கள்.

எனவே முகாம் நேரத்தை மாற்றுங்கள். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால், தினக்கூலிக்காரருக்கு அந்த இலவச ஊசியின் விலை அரை நாள் கூலி. ஷிப்ட் மாறும் நேரத்தில் வேலையிடத்துக்கே போய்ப் போடுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. அதனால் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு மருந்து கொண்டுபோகும் பெட்டியில் அடுக்காதீர்கள். வெளியே வைத்திருந்து, குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்டபின் அடுக்குங்கள்.

அடுத்து, ஊசி போட வேண்டியவர்களின் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் அதைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். வார்டைத் துடைப்பவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. நோயாளி இருமிய கட்டிலைத் துடைக்கிறவருக்கு ஊசி கிடையாது! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. துப்புரவு, சமையல், காவல் பணியாளர்களின் பெயர்களை மேற்பார்வையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

“போட்டால் நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?” என்று கேட்பார்கள். அறியாமை என்று ஒதுக்காதீர்கள். அது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஆனால் கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சல் இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வார விடுமுறைக்கு முந்தைய நாளில் போட்டால் பாதி தயக்கம் தீரும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஃப்ளூ பருவம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. வேலை தேடி இடம்மாறும் குடும்பங்கள் தவறவிடுவது இரண்டாவதைத்தான். தேதியை அட்டையில் எழுதித் தருவதோடு, எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு, அங்குள்ள சுகாதார நிலையத்துக்கு நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள்.