1.6 எம்எக்ஸ்-5இல் 1.8 பிரேக் பொருத்துவது எப்படி

மாஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் மாடலில், 1.8 லிட்டர் மாடலின் பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) போட்டால் கார் சட்டென்று நிற்கும் என்று நம்பி இதில் இறங்காதீர்கள். ஒரே ஒருமுறை அழுத்தி நிறுத்தும்போது தூரத்தை முடிவு செய்வது டயர்தான். பழைய சின்ன டிஸ்க்கே சக்கரத்தை லாக் செய்துவிடும். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்தால் புரியும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையா, பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) சூடாகிப் பிடியை இழந்துவிட்டது. வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுபவர் நல்ல பேட், புது பிரேக் ஆயில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு: 1989இல் வந்த 1.6 என்ஏ (முதல் தலைமுறை) மாடலில் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. பின்னர் வந்த 1.8இல் 255, 251. அந்த 1.8உம் 14 அங்குல ரிம்மோடுதான் வந்தது, அதனால் ரிம் மாற்றும் செலவு இல்லை. நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) செட் பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் காசை டயரில் போடுவேன்.

என்ன வாங்குவது? முன்னும் பின்னும் 1.8இன் பிராக்கெட்டும் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) டிஸ்க்கும். ஜோகூரில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும்) கடைகளில் தேடினால் கிடைக்கும். பிராக்கெட்டைத் தனியாக வாங்காமல் காலிப்பரோடு சேர்த்தே வாங்குங்கள், தலைவலி மிச்சம். டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும். பேட் 1.6க்கும் 1.8க்கும் வேறு வேறு, கடையில் 1.8 என்று சொல்லிக் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் பின்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விடவேண்டாம், பிரேக் பலம் முன்னால் சாய்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் படித்துவிட்டு, நீங்கள் போகும் பரிசோதனை நிலையத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அங்கே ரோலரில் ஏற்றி ஹேண்ட்பிரேக்கையும் சோதிப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது வரும்.

இடமும் ஒரு பிரச்சினை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்கக் கூடாது. தெரிந்த வொர்க்‌ஷாப்காரர் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு லிஃப்டைக் கேட்டுப் பாருங்கள்.

காரைத் தூக்குவது, சக்கரம் கழற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். முன்பக்கம் எளிது: காலிப்பர், பிராக்கெட், டிஸ்க் என்று வரிசையாகக் கழற்றி, ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது. காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிரேக் பைப்பைக் கழற்ற ஃபிளேர் நட் ஸ்பேனர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டியதுதான். பேஞ்சோ போல்ட்டுக்கு (பிரேக் ஹோஸைக் காலிப்பரில் மாட்டும் துளையுள்ள போல்ட்) இருபுறமும் புதிய செம்பு வாஷர்.

இனி பின்பக்கம். என் பொறுமையைத் தின்றது இதுதான்.

பின் காலிப்பரின் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே போகாது. ஹேண்ட்பிரேக்கின் ஸ்க்ரூ உள்ளே இருக்கிறது. முதலில் காருக்குள் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். காலிப்பரின் பின்னால் 14 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் ஒரு மூடி போல்ட் இருக்கும், பார்ப்பதற்கு அது ஏதோ மவுண்டிங் போல்ட் போலவே தெரியும். அதை எடுத்தால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் துளை. கீயைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். இறுகியதும் நிறுத்திவிடுங்கள், பலம் காட்ட வேண்டாம். டிஸ்க், பேட் எல்லாம் மாட்டிய பிறகு கடிகாரத் திசையில் சுற்றுங்கள், டிஸ்க் கையால் திருப்ப முடியாதபடி பிடிக்கும்வரை. அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று மட்டும் பின்னால். மூடியைப் போட்டுவிட்டு, கடைசியாகக் கேபிளை இறுக்குங்கள். ஹேண்ட்பிரேக் லீவர் ஐந்திலிருந்து ஏழு பல்லுக்குள் பிடிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, கேபிளை இறுக்கியே சமாளிக்கப் பார்த்தால் பெடல் ஆழமாகப் போகும், லீவர் மேலே வரை வந்தும் கார் நிற்காது.

பிரேக் ஆயில்: டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? திறந்து வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இதில் கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அதைப் பயன்படுத்தலாம். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பதற்கு வேக்குவம் பம்ப் எனக்குப் பிடிக்காது. நிப்பிள் (காலிப்பரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) மரை வழியாகவும் காற்றை இழுக்கும், குமிழி வந்துகொண்டே இருக்கும், முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. பெடலில் ஓர் ஆள், நிப்பிளில் ஓர் ஆள், அதுதான் சரி. வலப்பக்க ஸ்டியரிங் காரில் சக்கரங்களின் வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

சக்கர நட்டை டார்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். எஞ்சினைப் போட்டுப் பெடல் கெட்டியாகும்வரை அழுத்திப் பார்த்த பிறகே கார் நகரட்டும். பேட் பழக, இரவில் துவாஸ் பக்கம் காலியான சாலையில் மணிக்கு 60 கி.மீ.இலிருந்து 10வரை எட்டு, பத்து முறை அழுத்தி வேகம் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விட்டால் பெடல் நடுங்கும்.

பிற்சேர்க்கை: எவ்வளவு காற்று எடுத்தும் பெடல் கெட்டியாகவில்லை என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் இடது காலிப்பர் வலதுக்குப் போய்விட்டது, மேலே தங்கிய காற்று வெளியே வர வழியே கிடையாது. காலிப்பர்களை இடம் மாற்றி மாட்டி, மறுபடி இடது பின்னிலிருந்து தொடங்குங்கள்.